திறந்தநிலைப் பள்ளி: சான்றிதழ் சமம், வாய்ப்பு சமமா?

புதுதில்லி: வேலை, நோய், இடப்பெயர்வு ஆகியவற்றால் பள்ளிக்குச் செல்ல இயலாத மாணவர்கள் 10, 12-ஆம் வகுப்புகளை முடிக்க, 1989-இல் தொடங்கப்பட்ட தேசிய திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் வழிவகுக்கிறது. ஆண்டுக்கு இருமுறை பொதுத்தேர்வு நடைபெறுகிறது. ஒருமுறை பதிவு செய்தால் 5 ஆண்டுகளுக்குள் 9 வாய்ப்புகள் உண்டு.

இம்மாணவர்கள் நீட் தேர்வு எழுதலாமா என்ற நீண்டகால வழக்கும் 2024 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. அவர்களின் தகுதி உறுதியானது.

எனினும், சட்டத் தடை நீங்கியதால் மட்டும் சமநிலை ஏற்பட்டுவிடாது. 'ஸ்வயம்' தளத்தில் பாடங்கள் இலவசமாகக் கிடைத்தாலும், குடும்பத்துக்கே ஒரு கைப்பேசி என்ற நிலையில் உள்ள மாணவருக்கு அவை எளிதில் எட்டாது. ஐயம் தீர்க்கும் நேரடி வகுப்பும் செய்முறைப் பயிற்சியும் அளிக்கும் கல்வி மையம் அருகில் இருந்தால்தான் இந்த நெகிழ்வுமுறை முழுப் பயன் தரும்.