தலையாட்டி சொன்னால் போதுமா?

மெல்பேர்ணில், டண்டினோங் பக்கம் வசிக்கும் தாயொருவர் சென்ற மாதம் எம்மிடம் கேட்டார்: "மகள் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில ஏதோ 'புளொக்கிங் பெப்ரைட்' எண்டு மினக்கெடுறாள். போன கிழமை அழுதுகொண்டு வந்தாள். மூண்டு மாத வேலை வீணாப் போச்சாம். அது என்ன மருந்து, தம்பி?"

அது மருந்தல்ல, பொய்ச்சாட்சியைப் பிடிக்கும் ஒரு வழி. பிள்ளைகள் பலர் இத்துறையில் படிப்பதால் இம்முறை அதைப் பற்றியே எழுதுகின்றோம்.

உயர்தரத்தில் உயிரியல் படித்தவர்களுக்கு இழைமணி நினைவிருக்கும். எமது கலங்களுக்கு வேண்டிய சக்தியை ஏ.ரி.பி. என்னும் பொருளாக ஆக்கித் தருவது அதுவே. ஆக்கிய ஏ.ரி.பி.யை வெளியே அனுப்பி, செலவழிந்து வரும் ஏ.டி.பி.யை உள்ளே எடுப்பதற்கு இழைமணியின் உள்மென்சவ்வில் ஒரு காவிப் புரதம் உண்டு. ஏறக்குறைய 300 அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி அது. அதன் மரபணுவில் பழுது வந்தால் தசையும் இதயமும் பலவீனமடையும் நோய்கள் உண்டாகலாம். ஆகவேதான் அதைத் தேடுகிறார்கள்.

ஆயிரக்கணக்கான புரதங்களுக்குள் ஒன்றை எப்படி இனங்காண்பது? அதன் சங்கிலியில் சுமார் 15 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டை, அதாவது பெப்ரைட்டை, செயற்கையாகச் செய்து முயலுக்கு ஏற்றுகிறார்கள். முயலின் இரத்தத்தில் அத்துண்டைப் பற்றிப்பிடிக்கும் பிறபொருளெதிரி உண்டாகும். அதைப் பிரித்தெடுத்து ஆய்வுக்குப் பாவிக்கிறார்கள். அது ஒட்டிய இடத்தில் ஒரு கோடு தெரியும். "இதோ, நீ தேடிய புரதம்" என்று அது காட்டிக்கொடுக்கிறது.

ஆனால் அது காட்டுவது சரிதானா? சாக்கால் முகம் மூடிய தலையாட்டியின் முன்னால் வரிசையில் நின்றவர்கள் எம்மிடையே இருக்கின்றார்கள். அவன் தலை அசைந்தால் போதும். ஏன், எதற்கு என்று கேட்பாரில்லை. பிறபொருளெதிரியும் சிலவேளை சம்பந்தமில்லாத புரதத்தைப் பார்த்துத் தலையாட்டும்.

அதைச் சோதிக்கத்தான் இந்தப் பெப்ரைட். பிறபொருளெதிரியை இரண்டு குழாய்களில் சமமாக எடுக்க வேண்டும். ஒன்றில் முயலுக்கு ஏற்றிய அதே பெப்ரைட்டைத் தாராளமாகக் கலந்து வைத்தால், பிறபொருளெதிரியின் பிடிக்கும் இடங்கள் நிரம்பிவிடும். பின்பு இரண்டையும் ஒரே மாதிரியான மாதிரிகளில் இடவேண்டும். பெப்ரைட் கலந்ததில் கோடு மறைந்தால் சாட்சியத்தில் ஓரளவு நம்பிக்கை வைக்கலாம். மறையாமல் நின்றால், அந்தக் கோடு வேறெதனாலோ வந்தது.

இந்தத் துறைக்கு மெல்பேர்ண் செய்த பணி பெரிது. பிறபொருளெதிரி புரதத்தின் எந்த இடத்தைப் பிடிக்கிறது என்பதை இங்குள்ள கொமன்வெல்த் சீரம் ஆய்வுகூடத்தில் மாரியோ கைசன் துல்லியமாகக் கண்டார். கால்நடைகளின் கால்வாய் நோய் வைரசின் 213 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு புரதத்தை எடுத்து, ஆறு ஆறாக ஒன்றின்மேல் ஒன்று படியும் 208 துண்டுகளைச் சிறு பிளாஸ்டிக் குச்சிகளின் நுனியில் ஆக்கிச் சோதித்தார். ஒல்லாந்து ஆய்வாளர் இருவருடன் சேர்ந்து 1984இல் அதை வெளியிட்டார்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். மனிதரில் இந்தக் காவிப் புரதத்துக்கு நான்கு வடிவங்கள் உண்டு. அவற்றில் முதலிரண்டும் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்றேபோலிருக்கும். தெரிந்தெடுத்த துண்டு இரண்டிலும் இருந்தால், பெப்ரைட் இரண்டு கோடுகளையும் மறைத்துவிடும். தம்பியை அண்ணன் என்று எழுதிவிடுவோம். ஆகவே குறித்த மரபணுவை நீக்கிய கலங்களிலும் கோடு மறைகிறதா என்று பார்ப்பதே உறுதியான சோதனை. 2016இல் சர்வதேச நிபுணர் குழுவொன்று முன்வைத்த ஐந்து வழிகளில் மரபணு வழிச் சோதனையும் ஒன்று.

அந்த மகளின் கோடு மறையவில்லை. அதனால்தான் அழுகை. மூன்று மாத முடிவுகளைப் பேராசிரியரிடம் தானே கொண்டுபோய், "இவை சரியல்ல" என்று சொல்லியிருக்கிறாள். வேலை வீண்போகவில்லை, அக்கா. ஒரு தலையாட்டியின் சொல்லை நம்பி எழுத மறுத்திருக்கிறாள் உங்கள் மகள். அதை அவளிடம் சொல்லுங்கள்.