வீலூர் வழி திருச்சுளி

தமிழக அரசின் ஊர்ப்பெயர் ஆணை வந்த வேகத்திலேயே திரும்பிப் போய்விட்டது. 2020 ஏப்ரல் 1 என்று தேதியிட்டு, ஜூன் இரண்டாம் வாரத்தில் வெளியே தெரிந்து, 18-ஆம் தேதி திரும்பப் பெறப்பட்டது. 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டு தமிழ் உச்சரிப்புக்கு ஒத்துவர வேண்டும் என்ற அந்த ஆணை உலவிய ஒரு வாரமும் எங்கள் தொலைபேசி ஓயவில்லை. பிறப்புச் சான்று மொழிபெயர்ப்பில் இனி எந்த எழுத்தைப் போடுவது, முத்திரை வைத்துக் கொடுத்ததையெல்லாம் மறுபடி செய்து தர வேண்டுமா, அதற்குக் கட்டணம் யாரிடம் வாங்குவது? நியாயமான கேள்விகள். திருத்திய ஆணை இரண்டு மூன்று நாளில் வரும் என்றார் அன்றைய தமிழ் வளர்ச்சித் துறை அமைச்சர் பாண்டியராஜன். சொன்ன நாளில் வரவில்லை. வருவதற்குள், சான்றுகளை மொழிபெயர்த்துத் தரும் நம் தொழில் சார்பில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவோம். (ரோமன் எழுத்து அச்சிடுவதில்லை என்பது இந்த இதழின் பழைய வழக்கம். இந்த ஒரு தலையங்கத்துக்கு அது இடைஞ்சல்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ஆணை அறிவித்தது ஒலிபெயர்ப்பு. பட்டியல் செய்தது எழுத்துப்பெயர்ப்பு. குழப்பம் முழுக்க அங்கேதான். வேலூரின் ஏகாரத்துக்கு ஆங்கில ஈ-யை இரட்டித்தார்கள். படிக்கிறவர் வாயில் அது வீலூர். கோயம்புத்தூரில் தகர ஒற்றுக்கு ஒரு டி-எச், அடுத்த தகரத்துக்கு இன்னொரு டி-எச், பின்னாலேயே இரண்டு ஓ. எண்ணிப் படித்தால்தான் ஊர் வரும். தருமபுரிக்கும் திண்டுக்கல்லுக்கும் ஆங்கில நெடுங்கணக்கின் நாலாம் எழுத்து போய் இருபதாம் எழுத்து வந்தது. தமிழில் இரண்டையும் 'டி' என்றே எழுத வேண்டியிருக்கிறது. நம் கஷ்டம் வாசகருக்கும் புரியட்டும். தருமபுரிக்காரர் தம் ஊரைச் சொல்லும்போது முதலெழுத்து அதிர்ந்துதான் வருகிறது. தமிழ் வரிவடிவம் அந்த அதிர்வைக் காட்டாது. வரிவடிவத்தை அப்படியே பெயர்த்துவிட்டு அதற்கு உச்சரிப்பு என்று பெயர் வைத்தால், ஊர்க்காரர் நாக்குக்கும் ஊர்ப் பலகைக்கும் உறவு அறுந்துபோகும்.

சரி, யாருடைய நாக்கு? இந்த இதழ் வெளிவரும் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம். சுந்தரர் பாடிய காலத்தில் அது திருச்சுழியல். 'யல்' உதிர்ந்து திருச்சுழி ஆயிற்று. கரிசல் நாக்கு ழகரத்துக்கு மடங்குவதில்லை. வாழைப்பழம் எங்களுக்கு வாளப்பளம், ஊர் எங்களுக்குத் திருச்சுளி. தாலுகா பெயரிலும் தொகுதிப் பெயரிலும் ஆங்கிலத்தில் இருப்பது 'எல்'. இங்கே பிறந்த ரமண மகரிஷியைப் பற்றிய புத்தகங்களில் இருப்பது 'இசட்-எச்'. பக்தர் புத்தகத்தை வைத்துக்கொண்டு அருப்புக்கோட்டை பஸ் நிலையத்தில் கேட்டால், இசட்டைப் பார்த்து நடத்துநர் விழிக்கிறார். இதில் எது பிழை? 'எல்' போட்ட வெள்ளைக்காரத் துரை அசட்டையாகக் கேட்டார் என்று நாமே பலமுறை எழுதியிருக்கிறோம். அவர் காதில் விழுந்ததைத்தான் எழுதினார் என்று இப்போது தோன்றுகிறது. 'இசட்-எச்' போட்டவர் காதை விட்டு ஏட்டைப் பார்த்தார். உச்சரிப்பே அளவுகோல் என்றால் துரைதான் ஜெயிக்கிறார். இதை எழுதவே கசப்பாக இருக்கிறது.

(ரமணரின் தந்தை சுந்தரம் ஐயர், வக்கீலாவதற்கு முன் திருச்சுழியில் மனு எழுதிப் பிழைத்தவர். நம் தொழிலின் முன்னோர். அவர் எழுதிய மனுக்களில் ஊர்ப்பெயரை எப்படிக் கூட்டினார் என்று பார்க்க ஆசை.)

ஆணை போட்டு எழுத்தை மாற்றியவர்கள் உலகில் முன்பும் உண்டு. அமெரிக்காவின் இடப்பெயர் வாரியம் 1891-இல் பிட்ஸ்பர்க்கின் கடைசி எச்-சை நீக்கியது. ஊர் சம்மதிக்கவில்லை; 1911-இல் எச் திரும்பி வந்தது. 1906-இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் 300 சொற்களின் சுருக்கக் கூட்டை அரசு அச்சகத்துக்கு உத்தரவாகப் போட்டார். பத்திரிகைகள் சிரித்தன, நாடாளுமன்றம் மறுத்தது, அந்த வருடம் முடிவதற்குள் அவரும் விட்டுவிட்டார். அந்த 300-இல் 'புரோகிராம்' போலச் சில, கடைசி எழுத்துகளைக் களைந்துவிட்டு இன்று அமெரிக்காவில் சாதாரணமாக நடமாடுகின்றன. ஆணையால் அல்ல, அச்சுக்கோப்பவர் கைப்பழக்கத்தால். நம்மிடமும் சான்று இருக்கிறது. ணா, றா, னை போன்ற எழுத்துகளின் இன்றைய வடிவத்தைப் பெரியார் 'குடி அரசு' இதழில் 1935-இலேயே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அரசாணை 1978-இல் வந்தது. நாற்பது வருடம் கண் பழகிய பிறகு வந்த ஆணை. வெளியே தெரிந்த பிறகு இந்தப் பட்டியலுக்கு நாற்பது நாள்கூடக் கிடைக்கவில்லை, கிடைத்ததும் பொதுமுடக்கத்தில்.

இனி, இந்தப் பக்கத்தில் இருபது வருடமாக நாம் அலுக்காமல் சொல்லிவரும் விஷயம். ஊர்ப்பெயரை மாற்ற மாவட்ட ஆட்சியர் தலைமையில் குழு உண்டு, வல்லுநர் உண்டு. ஆட்பெயர்? அதை ரோமனில் கூட்டுவதற்கு நடைமுறையில் ஒரு விதியும் இல்லை. ஒன்றாம் வகுப்பில் சேர்த்த ஆசிரியர் கை எப்படிப் போனதோ அதுதான் பெயர். அடுத்த அலுவலகத்தில் வேறு கை. இரண்டு கைக்கும் நடுவே ஓர் எச் கூடினாலோ ஒரு யு-வுக்குப் பதில் இரண்டு ஓ வந்தாலோ குற்றம் பெயர்க்காரர் தலையில். அருப்புக்கோட்டை நெசவாளர் ஒருவர் மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதற்காகப் போன வருடம் என் மேஜைக்கு வந்தார். தமிழில் அப்பா பெயர் எல்லாச் சான்றிலும் எழுத்துப் பிசகாமல் ஒன்றே. ரோமனில் மூன்று. ஓர் அலுவலகம் அவரை மூன்று பேராக எண்ணியது. 'மூவரும் ஒருவரே' என்று முத்திரைத்தாளில் சத்தியம் செய்து, நோட்டரியிடம் போய், நாளிதழில் விளம்பரம் கொடுத்து, கெஜட்டுக்கு எழுதி, அதற்குள் வேலைக்கான கெடு போய்விட்டது. எழுத்தைப் பிசகவிட்ட எழுத்தருக்கு இதில் செலவு ஒரு பைசா இல்லை. 2001-இல் ஜெயலலிதா தம் பெயரின் கடைசியில் ஓர் ஏ-யைக் கூட்டிக்கொண்டார். கோட்டை முழுதும் அதற்குப் பழகிக்கொண்டது. நெசவாளர் பெயரில் தானாக விழுந்த ஓர் எழுத்துக்குத்தான் இத்தனை சத்தியம்.

ஆதார் வந்த பிறகு நிலைமை தலைகீழ். ஆங்கிலத்தில் தட்டினால் மென்பொருள் தமிழைத் தானே போட்டுக்கொள்கிறது. பாண்டி, பண்டி ஆகிறார். மாரி, மரி ஆகிறாள். கண்ணனுக்கு றன்னகரம் விழுகிறது. தமிழ் மூலம், ஆங்கிலம் பெயர்ப்பு என்று நாம் முத்திரைக்கு மேல் எழுதிக் கையெழுத்திடுகிறோம். இயந்திரத்துக்கு ஆங்கிலமே மூலம். ஊர்ப்பெயருக்குத் தமிழ் ஒலி வேண்டும் என்று புறப்பட்ட துறை, ஊரிலிருக்கும் ஆளின் தமிழ்ப் பெயரை இயந்திரம் தின்றபோது எங்கே போயிருந்தது? பலகையில் இரண்டு ஓ சேர்ப்பதால் ஆகப்போவதென்ன? ரயில் நிலையப் பலகை என்றால் அதற்கும் டெல்லியின் சம்மதம் வேண்டும். வேலூர்க்காரருக்கு ஆணை வந்தாலும் வராவிட்டாலும் ஊர் வேலூர்தான். பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் ஒரு கூட்டு, புதிய பிறப்புச் சான்றில் இன்னொரு கூட்டு என்று ஆகியிருந்தால், நெசவாளருக்கு நேர்ந்தது 1,018 ஊர்க்காரர்களுக்கும் நேர்ந்திருக்கும். எங்கள் வட்டாரத்துக்காரர் ஏற்கெனவே போதுமான அளவு சுமக்கிறார்: 1985-க்கு முன் பிறந்தவருக்கு மாவட்டம் ராமநாதபுரம், சில சான்றுகளில் ராம்நாடு, பிறகு காமராசர், பிறகு விருதுநகர். 'நேட்டிவ் பிளேஸ்' என்று நாம் சொந்த ஊரைக் குறிக்க எழுதுவதை வெளிநாட்டு அதிகாரி பிறந்த ஊராகப் படிப்பது தனிக்கதை.

ஆகவே நம் நிலை இது. ஆணை திரும்பியது நல்லது. திருத்திய பட்டியலும் வேண்டாம். துறைக்கு எழுத்தின் மேல் அக்கறை இருந்தால் ஒருவரி ஆணை போதும்: ஆவணங்களில் தமிழ் எழுத்தில் உள்ள பெயரே பெயர், ரோமனில் அது எப்படிக் கூட்டப்பட்டிருந்தாலும் வேறு ஆளாகவோ வேறு ஊராகவோ கொள்ளக்கூடாது. இதே வரியை முன்பும் எழுதி அனுப்பினோம். பெற்றுக்கொண்டோம் என்ற பதில்கூட வந்ததில்லை.

அதுவரை சந்தாதாரர்கள் மூலச் சான்றில் உள்ள ரோமன் கூட்டை மாற்றாமல் அப்படியே எடுத்தெழுதுங்கள். வீலூரைக் கேட்டு யாராவது வந்தாலும் போடாதீர்கள். முத்திரைக்குக் கீழே ஆள்பெயரையும் ஊர்ப்பெயரையும் ஒருமுறை தமிழ் எழுத்தில் எழுதுங்கள். அதற்காக எந்த அலுவலகமாவது சான்றைத் திருப்பினால், திருப்பிய கடிதத்தின் நகலை எங்களுக்கு அனுப்பிவையுங்கள். இப்படி வந்தவற்றால் இரண்டு கோப்பு நிரம்பியாயிற்று; மூன்றாவது வாங்கி வைத்திருக்கிறோம்.