மறதி நோய்க்கு ஒதுக்கக் காசில்லையா?

சம்பளப் பிரச்சினையே தீரவில்லை, இப்போது மறதி நோயைப் பற்றிப் பேச வேண்டுமா என்று எங்கள் தோழர்கள் சிலரே கேட்கிறார்கள். பேசத்தான் வேண்டும். அடுப்பை அணைக்க மறந்து, பெற்ற மகளையே யாரென்று கேட்கும் தாயை லயத்துக் காம்பராவில் தனியே விட்டுவிட்டு மகள் பிரட்டுக்குப் போக முடியாது. போகாத நாளுக்குப் பெயர் விழாது. இதைவிடப் பெரிய சம்பளப் பிரச்சினை வேறு என்ன?

நம் லயங்களில் இதை வயசுக் கோளாறு என்கிறோம், அல்லது பைத்தியம் என்று ஒளிக்கிறோம். காற்றுக் கருப்பு என்று கடன் வாங்கிப் பூசாரிக்குக் கொடுத்தவர்களும் உண்டு. டிமென்ஷியா என்பது மூளையைத் தாக்கும் நோய்களால் வருவது என்று இவர்களுக்கு யார் வந்து சொன்னார்கள்?

2024இல் லான்செட் ஆணைக்குழு இந்நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவற்றைக் கவனித்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றது. சிறு வயதில் கல்வி இல்லாமை, உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, குடி, புகைத்தல், மாசடைந்த காற்று, கேட்காத காது, மங்கிய கண் எல்லாம் அதில் வருகின்றன. தோட்டத்தைப் பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது. இன்று அறுபதைத் தாண்டிய எங்கள் பெண்கள் 1973, 74 பஞ்சத்தில் பட்டினி கிடந்த பிள்ளைகள். ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடும் தோட்டப் பாடசாலையைக்கூட முடிக்காதவர்கள். கொழுந்துக்கூடை சுமந்த நாட்கள் போக, மிச்ச நேரமெல்லாம் விறகுப் புகையில் கழித்தவர்கள். பிரஷர் பார்க்கும் கருவி ஒன்றும், ஒழுங்காகக் கிடைக்கும் மாத்திரையும், ஒரு சோடிக் கண்ணாடியும் என்ன பெரிய செலவு? லயத்துக்குப் பக்கத்தில் சாராயக் கடை நடத்தி வரி எடுக்கத் தெரிந்த அரசாங்கத்துக்கு இது தெரியாதா?

ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கதை முடிவதில்லை. ஞாபகசக்தியைச் சோதிக்கும் பரீட்சைகள் பலவற்றில் ஒரு வசனம் எழுது, படத்தைப் பார்த்து வரை என்பார்கள். பென்சில் பிடித்தே அறியாத கைக்கு அது ஞாபகப் பரீட்சையா, பள்ளிக்கூடப் பரீட்சையா? அதுவும் கேள்வி கேட்பவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால்தான்.

2017இல் உலக சுகாதாரப் பேரவை டிமென்ஷியாவுக்கென ஒரு செயற்திட்டத்தை நிறைவேற்றியது. அதன் ஏழு பகுதிகளில் இரண்டாவது, மக்களுக்கு விழிப்பூட்டுவது. தோட்டத்துக்கு அது வந்து சேரவில்லை. செப்டெம்பர் 21இல் நகரத்தில் ஒரு பதாகை பிடித்துப் படம் எடுப்பதை விழிப்பூட்டல் என்று நாங்கள் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

அடுத்த வரவு செலவுத் திட்டத்தில் தோட்டப்புறத்துக்கென்று தனியாகப் பணம் ஒதுக்க வேண்டும். அந்தப் பணம் கொழும்பு ஹோட்டல்களில் செயலமர்வு நடத்தக் கரையக்கூடாது. தோட்டத்து இளைஞர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பனவும் கொடுத்து லயம் லயமாக அனுப்ப வேண்டும். பிள்ளை மடுவத்தில், கோயில் திருவிழாவில், சம்பள நாளில் தமிழில் பேச வேண்டும். காமன் கூத்து ஆடும் எங்கள் கலைஞர்கள் இதையும் நாடகமாகப் போடுவார்கள். கூலி கொடுத்தால் போதும். வருடாந்த அறிக்கையில் எங்கள் பெண்களின் சிரிப்பை வண்ணத்தில் அச்சிடும் கம்பனிகளும் தங்கள் பங்கை வைக்க வேண்டும். நோயாளியைப் பார்ப்பவருக்குச் சம்பளத்துடன் லீவு என்ற கோரிக்கையை அடுத்த கூட்டு ஒப்பந்தப் பேச்சில் முன்வைக்கிறோம். தோட்டக் கமிட்டித் தலைவர்கள் தங்கள் பிரிவில் இப்படி எத்தனை வீடுகள் உண்டென்று கணக்கெடுத்து, மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவரவும்.