பழைய கணிப்பொறியைத் தள்ளிவிடலாமா?

கணிப்பொறி மெதுவாக இயங்கினால், "வயதாகிவிட்டது, புதியது வாங்குங்கள்" என்று தீர்ப்புக் கூறுவது இந்நாளில் வழக்கமாகிவிட்டது. எங்கள் கணிப்பொறி அறையில் பொத்தானை அழுத்திவிட்டு, திரை தெளிவதற்குள் ஜெபமாலையில் ஒரு பத்து மணி சொல்லி முடிக்கலாம் என்று தோழியர் வேடிக்கை பேசுவதுண்டு. இக்குறை தீரப் புதிய கணிப்பொறிகளுக்கு நிதி திரட்டலாம் எனப் பெற்றோர் சிலர் கூறுகின்றனர். அவர்தம் அன்புக்கு நன்றி. ஆயினும் எங்கள் கருத்து வேறு.

இத்தாமதத்துக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். இசைத்தட்டைப் போல் சுழலும் தகடும், அதன்மேல் அங்குமிங்கும் ஓடும் ஒரு சிறு கையும் கொண்ட கருவி அது. நிமிடத்துக்கு 7200 முறை சுழன்றாலும், வேண்டிய இடம் கைக்குக் கீழே வந்து சேரச் சராசரியாக 10 மில்லி விநாடிக்கு மேல் ஆகிறது. இது ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குதானே என்று தோன்றும். ஆனால் கணிப்பொறி விழித்தெழும்போது, விண்டோஸ் போன்ற இயங்குதளம் ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தேடிப் படிக்க வேண்டும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒருமுறை ஏணி ஏறி இறங்கும் நூலகரை எண்ணிப் பாருங்கள்!

எஸ்.எஸ்.டி. எனப்படும் சேமிப்புக் கருவியில் சுழல்வது எதுவுமில்லை. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோக்கா உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகச் சில்லுகளே அதன் உயிர். அங்கே தேடும் நேரம் ஏறத்தாழ 0.1 மில்லி விநாடிதான். எனவே இயங்குதளத்தை மட்டும் இதற்கு மாற்றினால் போதும். படங்களும் பாடக்குறிப்புகளும் பழைய ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். செலவும் புதிய கணிப்பொறியின் விலையில் சிறு பங்குதான்.

மாற்றுவதற்கு இரு வழிகள் உண்டு. 'குளோன்ஸில்லா' போன்ற இலவச மென்பொருளால் உள்ளதை அப்படியே பிரதி எடுப்பது ஒன்று. புதிதாக நிறுவுவது மற்றொன்று. கடைக் கணக்குகள் நிறைந்த வீட்டுக் கணிப்பொறிக்குப் பிரதியே ஏற்றது. பல கைகள் பட்ட பள்ளிக் கணிப்பொறிக்குப் புதிதாக நிறுவுவதே நல்லது. பிரதி எடுத்தால் பழைய குப்பையும், சில வேளை வைரஸும் கூடவே குடிவரும். எவ்வழியாயினும், முக்கியமான கோப்புகளை முதலில் வேறோரிடத்தில் சேமித்தாக வேண்டும். எஸ்.எஸ்.டி.யும் முன்னறிவிப்பின்றிப் பழுதாகக் கூடியதே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். விண்டோஸ் 10க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 பல பழைய கணிப்பொறிகளை ஏற்பதில்லை. எஸ்.எஸ்.டி. வேகம் தரும், இந்தத் தடையை நீக்காது. அத்தகைய கணிப்பொறிகளில் லினக்ஸ் நிறுவலாம். கேரள அரசுப் பள்ளிகளில் பல ஆண்டுகளாக அதைக் கொண்டுதானே பாடம் நடக்கிறது?

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடல், பயன்படுத்தி எறியும் பழக்கத்தைக் கடிந்துரைக்கிறது. அதை வகுப்பில் படித்துவிட்டு, இயங்கக்கூடிய கணிப்பொறிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புவது எப்படிப் பொருந்தும்?

இந்த வேலைக்கு வெளியிலிருந்து ஒருவரை அழைக்கவும் வேண்டாம். மின் இணைப்பைத் துண்டித்து, மூடியைத் திறந்து, இரண்டு கம்பிகளை மாற்றிச் செருகும் வேலை இது. தையல் ஊசி பிடிக்கும் கைக்குத் திருப்புளி பாரமாகுமா? "பெண் பிள்ளைகள் தொட்டால் கெட்டுவிடும்" என்போர் வந்து பார்க்கட்டும். அருட்சகோதரியர் அனுமதித்தால், வரும் விடுமுறையில் ஆசிரியை முன்னிலையில் ஒரே ஒரு கணிப்பொறியை மாற்றிக் காட்டுகிறோம். எது மிக மெதுவானதோ, அதையே கொடுங்கள்.