வாளுக்கும் ஓர் எண் வேண்டும்

கணினி விளையாட்டைப் பற்றியெல்லாம் ஆண்டு மலரில் எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். என் அம்மாவே அப்படித்தான் கேட்டார்கள். ஆயினும் சென்ற காலாண்டு விடுமுறையில் எங்கள் வீட்டில் நடந்த ஒன்று என்னை மிகவும் சிந்திக்க வைத்துவிட்டது.

'மைன்கிராஃப்ட்' என்னும் விளையாட்டில் மண்ணை வெட்டலாம், வீடு கட்டலாம், கிடைத்ததைப் பையில் சேர்க்கலாம். பை என்று நாம் காண்பது உண்மையில் ஒரு பட்டியல்தான். அதில் 36 கட்டங்கள். எந்தக் கட்டத்தில் என்ன பொருள், எத்தனை என்று கணினி எழுதி வைத்துக்கொள்கிறது. முன்பு பொருளின் பெயரைக்கூட எண்ணாகவே எழுதினார்கள். மண் என்றால் 3, வைர வாள் என்றால் 276. பின்னர் வந்த பதிப்புகளில் எண்கள் போய்ப் பெயர்கள் வந்தன. 64 மண்கட்டிகளை ஒரே வரியில் எழுதிவிடலாம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேற்றுமை இல்லையே! ரேஷன் கடையில் இந்த அரிசி எந்த மூட்டையிலிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

வாள் அப்படியன்று. கட்டத்துக்கு ஒன்றுதான் வைக்க முடியும். புதிய வைர வாளின் உழைப்பு 1561. அதில் எவ்வளவு தேய்ந்தது, என்ன மந்திரம் ஏற்றப்பட்டது, பட்டடையில் வைத்து என்ன பெயர் சூட்டப்பட்டது என்பதெல்லாம் அதன் வரியோடு சேர்ந்திருக்கும்.

என் உயிர்த்தோழி எட்டாம் வகுப்போடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். எங்கள் வீட்டுக் கணினியில் உள்ள உலகத்துக்கு இணையத்தின் வழியாக வந்து என்னோடு விளையாடுவாள். என் பிறந்த நாளன்று ஒரு வைர வாளுக்கு 'மறவாதே' என்று பெயரிட்டு எனக்குத் தந்தாள். அதைப் பயன்படுத்த மனமில்லாமல் ஒரு பெட்டியில் வைத்தேன். இங்கேதான் என் தம்பி நுழைந்தான். பையில் இருப்பது ஒரு கோப்பிலும், பெட்டியில் இருப்பது அந்த நிலத்தின் கோப்பிலும் எழுதப்படுகின்றன. அவன் முன்னமே பிரதி எடுத்து வைத்திருந்த என் பையின் பழைய கோப்பை அதன் இடத்தில் போட்டுவிட்டான். பெட்டியிலும் ஒரு வாள், பையிலும் ஒரு வாள்!

"ஒன்றுக்கு இரண்டாகக் கிடைத்ததே, அக்கா! எதற்கு அழுகிறாய்?" என்றான்.

எது என் தோழி தந்தது? கணினியைக் கேட்டால் இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே தேய்மானம் என்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவ்விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டக்காரருக்கும் தனி அடையாள எண் உண்டு. புல் மேயும் ஆட்டுக்கும் மாட்டுக்கும்கூட உண்டு! பைக்குள் இருக்கும் வாளுக்கு மட்டும் இல்லை.

நம் பள்ளி நூலகத்தில் ஒரே நூலின் ஐந்து பிரதிகள் இருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் பதிவேட்டில் தனித்தனி எண் உண்டல்லவா? அதுபோல, கட்டத்துக்கு ஒன்றாக வைக்கும் பொருளுக்கெல்லாம் பிறக்கும்போதே ஓர் எண் தர வேண்டும் என்பது என் கருத்து. மண்ணுக்கும் கல்லுக்கும் வேண்டாம்; கொடுத்தால் பட்டியல் பெருத்துவிடும். "நகல் எடுத்தால் எண்ணும் சேர்ந்துதானே நகலாகும்?" என்று தம்பி மடக்கினான். உண்மைதான். ஆனால் ஒரே எண்ணில் இரண்டு வாள்கள் இருந்தால், ஏதோ தவறு நடந்திருக்கிறது என்றாவது தெரியுமே! இப்போது அதுவும் தெரிவதில்லை.

தோழியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சிரித்துவிட்டு, "ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளடி" என்றாள். இரண்டையும் ஒரே பெட்டியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எதைக் கொண்டும் இதுவரை வெட்டவில்லை. ஒன்றை எடுத்து ஒருமுறை வெட்டினாலும் அதன் தேய்மானம் மாறிவிடும். அப்போது எது உண்மையான வாள் என்பதை நானே தீர்மானித்ததாகிவிடும்.

— பத்தாம் வகுப்பு மாணவி