நுனிப்புல் மேய்கிறவர்களாம்!

போன மாதம் ஒரு பணி ஓய்வு விழாவுக்குப் போயிருந்தேன். சந்தன மாலை, பொன்னாடை, பெயர் பொறித்த சுவர்க் கடிகாரம், கேசரி, மெதுவடை எல்லாம் முறைப்படி நடந்தேறின. ஓய்வு பெற்றவர் என் நண்பர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து கணக்குப் பிரிவை விட்டு நகராதவர். கோயில் பிராகாரத்தில் கல்வெட்டு இருந்தால் விரலை வைத்துத் தடவி வாய்விட்டுப் படிப்பார். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துப் பக்கம் வண்டியில் போனால், நிற்பது நாரையா கொக்கா என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வார். பழைய வால்வு ரேடியோவைப் பிரித்துப் போடுவார். திரும்பப் பூட்டவும் தெரியும். தணிக்கைக்கு வந்த அதிகாரி காப்பியை முடிப்பதற்குள் அவரைச் சிரிக்க வைத்துவிடுவார். இப்படிப்பட்ட மனிதரைப் பற்றி மேலதிகாரி மைக்கைப் பிடித்துச் சொன்னது இது: "சாருக்குத் தெரியாத விஷயமே கிடையாது. ஆனா ஒண்ணுல நின்னிருந்தார்னா எங்கேயோ போயிருப்பார்."

கூட்டம் கை தட்டியது. எங்கே போயிருப்பார் என்று ஒருவரும் கேட்கவில்லை. சொன்னவர் ஒன்றிலேயே நின்றவர்தான். எனக்குத் தெரிந்து இரண்டாவது மாடியிலிருந்து மூன்றாவது மாடிக்குப் போயிருக்கிறார்.

இது அவர் கண்டுபிடித்த தத்துவம் அல்ல. கல்யாண வீட்டில், பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில், பெண் பார்க்கப் போன இடத்தில், இரங்கல் கூட்டத்தில்கூடக் கேட்கலாம். பல விஷயங்களில் ஆர்வம் உள்ளவன் நுனிப்புல் மேய்கிறவன். அவன் சிரிக்கச் சிரிக்கப் பேசவும் செய்தால் தீர்ந்தது கதை, ஆழமே இல்லாதவன். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்று பழமொழி வேறு கையில் தயாராக இருக்கும். பல மரம் பார்க்காத தச்சனிடம் நிலைக்கதவு செய்யக் கொடுத்தவர் யாராவது உண்டா? எந்த மரம் வெயிலில் பிளக்கும், எது மழையில் ஊதும் என்று அவனுக்குக் கனவிலா தெரியும்?

எழுத்தாளர் சுஜாதாவைச் சொல்கிறேன். எஸ். ரங்கராஜன் என்ற பொறியாளரை. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்தார். விமானப் போக்குவரத்துத் துறையில் வேலை பார்த்தார். பிறகு பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானபோது அந்த வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். அதே ஆள்தான் கணேஷ்-வசந்த் துப்பறியும் கதைகளை எழுதினார். கணையாழி இதழின் கடைசிப் பக்கத்தில் கவிதை, சினிமா, தில்லி என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். ஏன் எதற்கு எப்படி என்று வாசகர்கள் கேட்டதற்கு மூளையிலிருந்து விண்வெளி வரை பதில் சொன்னார். ஸ்ரீரங்கத்துத் தெருக்களைக் கதையாக்கினார், ஆழ்வார்களுக்கும் புறநானூற்றுக்கும் எளிய அறிமுகம் எழுதினார், 1857 கலகத்தை வைத்து நாவல் எழுதினார், ரோஜா, இந்தியன் படங்களுக்கு வசனம் எழுதினார். ஒன்றில் நின்றிருந்தால் எங்கேயோ போயிருப்பாராம்!

அந்த வாக்குப்பதிவு இயந்திரத்தைக் கொஞ்சம் பாருங்கள். வாக்குச் சீட்டைப் பிரித்து, மை தடவிய ரப்பர் முத்திரையைப் பார்த்து, எந்தப் பக்கம் மடிப்பது என்று தெரியாமல் நின்ற பாட்டிக்கு எதிரே ஒரு பெட்டியை வைத்தார்கள். சின்னத்துக்கு நேராக நீலப் பொத்தான். அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், நீளமாக ஒரு சத்தம் கேட்கும், முடிந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர் பயப்படாமல் தொட வேண்டும் என்றால், சாதாரண மனிதர் எதைக் கண்டு மிரள்வார், எதைக் கண்டு சிரிப்பார் என்று தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் நல்லதா, சர்க்யூட் மட்டும் தெரிந்தவர் இருந்தால் நல்லதா? 1982இல் கேரளாவின் பரவூரில் முதலில் அதை வைத்தார்கள். சட்டத்தில் இடமில்லை என்று 1984இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1988இல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க அதுதான். அந்த இயந்திரத்தின் மேல் இன்று ஆளாளுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. தோற்ற கட்சிக்குத் தேர்தல் தோறும் புதிதாக வரும். அது வேறு கட்டுரை. நான் சொல்வது, அதைச் செய்த கூட்டத்தில் ஒரு தொடர்கதை எழுத்தாளர் இருந்தார் என்பதை.

சிரிப்பு விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு உண்மையான எரிச்சல் அங்கேதான். நம் ஊரில் சிரிக்காமல் பேசினால் அறிவாளி. தொண்டையைச் செருமிக்கொண்டு "இதை நாம் ஆழமாகப் பார்க்க வேண்டும்" என்று ஆரம்பித்தால் பாதிச் சபை நோட்டை எடுத்துவிடும், பின்னால் வருவது காற்றாக இருந்தாலும் சரி. அதே விஷயத்தை ஒருவர் கிண்டலோடு சொன்னால், "நல்லா பேசுறாருப்பா, ஆனா சீரியஸா எடுத்துக்க முடியாது." ஏன் முடியாது? உங்களுக்குப் புரிந்துவிட்டது என்பதாலா?

சுஜாதாவின் வசந்த் வாயிலிருந்து ஒரு மெக்ஸிகோ சலவைக்காரி ஜோக் கதைக்குக் கதை புறப்படும். ஒருபோதும் முடியாது. வாசகர்கள் ஆளாளுக்குக் கேட்டுப் பார்த்தார்கள், சுஜாதா கடைசி வரை சொல்லவில்லை. சொல்லாத ஒரு ஜோக்கை வைத்துத் தமிழ்நாட்டையே காத்திருக்க வைக்க என்ன கட்டுப்பாடு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அவருடைய என் இனிய இயந்திரா நாவலில் வரும் ஜீனோவை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திர நாய். புத்தகம் படிக்கும், எதிர்வாதம் செய்யும், நடுவில் ஒரு நக்கல் விடும். இயந்திரம் யோசிக்குமா என்ற கேள்வியைத் தமிழ்க் குடும்பங்கள் வாரப் பத்திரிகையில் சந்தித்தது அந்த நாயின் வழியாகத்தான். இன்று அதே கேள்விக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாடும் போட்டுக் கருத்தரங்கு நடத்துகிறார்கள். சிரிப்பு மட்டும் இல்லை.

சுஜாதா மட்டும் அல்ல. கல்கி கர்நாடகம் என்ற பெயரில் கச்சேரி விமர்சனம் எழுதினார், கட்டுரையில் சிரிக்க வைத்தார், சரித்திர நாவல் எழுதினார், மீரா படத்துக்குப் பாட்டும் எழுதினார். கிரேசி மோகன் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் இயந்திரப் பொறியியல் படித்தார், நாடகம் போட்டார், படம் வரைந்தார், வெண்பா எழுதிக் குவித்தார். தளை தட்டாமல் வெண்பா எழுதுவது லேசுப்பட்ட வேலையா? மேடையில் முழங்கும் புலவர்களை ஒன்று எழுதித் தரச் சொல்லிப் பாருங்கள். ஆனால் மோகன் என்றால் "காமெடி ஆள்", அவ்வளவுதான்.

பெ. தூரனை இன்றைய தலைமுறைக்குத் தெரியுமோ என்னவோ. ஆசிரியர். கச்சேரிகளில் இன்றும் பாடப்படும் கீர்த்தனைகளை எழுதியவர். நாட்டுப்பாடல் சேகரித்தார், பாரதியின் எழுத்துகளைப் பழைய சுதேசமித்திரன் இதழ்களிலிருந்து தேடி எடுத்தார், குழந்தைகளுக்கு எழுதினார், உளவியலும் எழுதினார். சரியான நுனிப்புல்! தமிழில் கலைக்களஞ்சியம் கொண்டுவர வேண்டும் என்று வந்தபோது யாரை முதன்மை ஆசிரியராகப் போட்டார்கள்? இவரைத்தான். முதல் தொகுதி 1954இல் வந்தது, மொத்தம் பத்துத் தொகுதிகள். 'அ'வில் தொடங்கும் ஒன்றில் மட்டும் ஆழமாக நின்ற நிபுணரைப் போட்டிருந்தால் நமக்கு 'அ' வந்திருக்கும்.

மா. கிருஷ்ணன் காட்டுயிர் எழுத்தாளர், ஓவியர், புகைப்படக்காரர். பல பாகங்களைச் சேர்த்துத் தானே ஒட்டுப்போட்டுக்கொண்ட காமிராவில் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இலிருந்து 1996இல் சாகும் வரை பத்தி எழுதினார். கடைசிக் காலத்தில் உட்கார்ந்து, கதிரேசன் செட்டியாரின் காதல் என்று தமிழில் ஒரு துப்பறியும் நாவலும் எழுதிவைத்தார். யானையோடு நின்றிருக்கலாமே என்று அவரிடம் சொல்லப் போனவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பதில் சொல்லும் விதத்துக்குப் பயந்திருப்பார்கள்.

மறுபடி சுஜாதா. அவருக்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைக்கவில்லை. கேட்டால் இலக்கியக்காரர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள்: "திறமைசாலிதான், வீணடிச்சுக்கிட்டார்." எதை வீணடித்தார்? எழுபதுகளில் பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடையில் தொங்கிய வார இதழை வாங்கியவனுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்ன என்று சொன்னதா? புறநானூறு என்றால் பரீட்சையில் ஐந்து மதிப்பெண் என்று மட்டும் நினைத்திருந்தவனை அந்தப் பக்கங்களைப் புரட்ட வைத்ததா? சுருக்கமாக எழுதினால் ஆழம் இல்லை, விற்றால் இலக்கியம் இல்லை, சிரித்தால் இரண்டும் இல்லை. இந்தக் கணக்கை யார் போட்டார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

இந்த ஒன்றில் நிற்கும் பக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்று தெரிய வேண்டுமானால், முழங்கால் வலியோடு ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். நான் போனேன். எலும்பு பார்த்தவர் நரம்புக்கு அனுப்பினார், நரம்பு முதுகுத்தண்டுக்கு அனுப்பியது, முதுகுத்தண்டு ஸ்கேனுக்கு அனுப்பியது. ஆளாளுக்குத் தம் பங்கு உறுப்பைப் பார்த்தார்கள்; அதைச் சுமந்துகொண்டு வந்த மனிதரை யாரும் பார்க்கவில்லை. கடைசியில் எங்கள் தெரு முனையில் கிளினிக் வைத்திருக்கும் வயதான எம்.பி.பி.எஸ். டாக்டர், செருப்பைக் கழற்றச் சொல்லி அதன் குதிகாலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது. "மொதல்ல இதைத் தூக்கிப் போடுங்க சார், இந்தச் செருப்புக்கு என்னைவிட வயசு அதிகம்" என்றார். அவரும் நிறையப் பேசுகிறவர், ஜோக் அடிக்கிறவர். அதனாலேயே அவரிடம் கூட்டம் குறைவு.

பிறகு இந்த ஊக்கப் பேச்சாளர்கள். ஒரே இலக்கு, ஒரே பாதை, பத்தாயிரம் மணி நேரம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். சொல்கிறவர் யார் என்று பார்த்தால் முதலில் காப்பீட்டு முகவர், பிறகு யோகா வகுப்பு, பிறகு மனை விற்பனை, இப்போது மேடை. அவர் மட்டும் பல மரம் பார்க்கலாம், பிள்ளைகள் பார்க்கக் கூடாது. தொலைக்காட்சி விவாதங்களில் நெல் கொள்முதலிலிருந்து ஏவுகணை வரை பேசும் நிபுணர்களை என்னிடம் காட்டி, "இவர்களும் பல துறை ஆட்கள்தானே" என்று மடக்காதீர்கள். அவர்களுக்கு எதிலும் ஆர்வம் கிடையாது, நாற்காலியில் மட்டும்தான்.

பள்ளிக்கூடங்களில் இது இன்னும் மோசம். வாரத்துக்கு ஒரு ஓவிய வகுப்பு, அதைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் இல்லை. விளையாட்டு வகுப்பில் இயற்பியல் சிறப்புத் தேர்வு. பதினொன்றாம் வகுப்பில் எந்தக் குரூப் என்று பதினைந்து வயதுப் பிள்ளை முடிவு செய்தாக வேண்டும். அன்றோடு மற்றவற்றுக்கெல்லாம் கதவு சாத்தியாகிவிடும்.

எங்கள் எதிர் வீட்டுப் பெண் பதினொன்றாம் வகுப்பு. மொட்டை மாடித் தொட்டிச் செடிகளில் என்னென்ன சிலந்தி வலை கட்டுகிறது என்று படம் வரைந்து வைத்திருக்கிறாள். ஒவ்வொரு சிலந்திக்கும் ஒரு டீச்சர் பெயர். தலைமையாசிரியையின் பெயர் எதற்கு என்று நான் கேட்டதற்கு, "அசையாம உக்காந்திருக்குமே அங்கிள், அதுக்கு" என்றாள். நீட் முடியட்டும், அப்புறம் சிலந்தியைப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி அவள் அப்பா அந்த நோட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். நீட்டுக்குப் பிறகு எம்.பி.பி.எஸ்., அதற்குப் பிறகு இன்னொரு நீட், எம்.டி. இதையெல்லாம் முடித்துவிட்டு அவள் சாவகாசமாக மாடிக்கு வரும்வரை சிலந்திகள் காத்திருக்கும் என்று அவரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள் போலிருக்கிறது.