வௌவால் வீட்டுக்கு விருந்தாளியாகப் போனேன்

"வௌவால் வீட்டுக்கு விருந்தாளி வந்தா நீயும் தொங்கு, நானும் தொங்கு" என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். 2017இல் நான் நிஜமாகவே வௌவால் வீட்டுக்கு விருந்தாளியாகப் போய் வந்தேன். தொங்கச் சொல்லவில்லை, அவ்வளவுதான்!

பத்துமலைக்குப் போகாத மலேசியத் தமிழர் உண்டா? தைப்பூசத்துக்கு 272 படிகளையும் மூச்சு வாங்க ஏறுவோம். மேல்குகையை எட்டுவதற்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு வழி பிரிகிறது. அதுதான் இருட்டுக் குகை. அந்த நாட்களில் அங்கே வழிகாட்டியோடு கல்விச் சுற்றுலா நடந்தது. பள்ளியிலிருந்து எங்களையும் அழைத்துப் போனார்கள்.

ஆளுக்கொரு தலைக்கவசம், ஒரு டார்ச் லைட். உள்ளே நுழைந்ததும் மூக்கைப் பிடித்துக்கொண்டோம். வௌவால் புழுக்கையின் நாற்றம்! டார்ச்சை மேலே அடிக்கக் கூடாது, எதையும் தொடக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார் வழிகாட்டி. கொஞ்ச தூரம் போனதும் எல்லா விளக்குகளையும் அணைக்கச் சொன்னார். என் கை எனக்கே தெரியவில்லை. மேலே கீச் கீச் என்ற சத்தம் மட்டும்.

அந்த இருட்டில்தான் அவர் விளக்கினார். இங்கே வெயில் வராது, செடி முளைக்காது. பிறகு இத்தனை பூச்சிகள் எப்படி வாழ்கின்றன? வௌவால் வெளியே தின்றுவிட்டு வந்து உள்ளே புழுக்கை போடுகிறது. அதில் பூஞ்சை வளர்கிறது, கரப்பான் மேய்கிறது. கரப்பானைச் சிலந்தியும் பூரானும் தின்கின்றன. ஆக, நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்ட அதே பொருள்தான் அந்தக் குகைக்கே சோறு போடுகிறது.

மிருகக்காட்சிசாலைக் கூண்டில் வௌவால் எப்படி இருக்கும் என்று பார்க்கலாம். அது என்ன வேலை செய்கிறது என்பதை அதன் வீட்டில்தான் பார்க்க முடியும். பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி இடம்தான் வேண்டும் என்பது என் கருத்து. சின்னக் குழு, நல்ல வழிகாட்டி, கண்டிப்பான விதிகள். இவை இருந்தால் போதும்.

டுரியான் விஷயமும் உண்டு. டுரியான் பூ மாலையில்தான் விரியும். இரவில் தேன் குடிக்க வரும் வௌவால்தான் மகரந்தத்தை மரத்துக்கு மரம் கொண்டுபோகிறது. பத்துமலையில் வாழும் தேனுண்ணும் வௌவால்களை 1970களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். அவை டுரியான், பெத்தாய் பூக்களைத் தேடிப் போவதோடு, வெகு தொலைவில் உள்ள கடலோரச் சதுப்பு மரங்கள் வரைக்கும் பறக்கின்றனவாம். டுரியானுக்குக் காசைக் கொட்டும் நாம் வௌவாலைக் கண்டால் மட்டும் துடைப்பத்தைத் தேடுகிறோம். என்ன நியாயம் இது?

"நோய் பரப்புமே?" என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. நிப்பா கிருமி முதன்முதலில் வெளிப்பட்டதே நம் நாட்டில்தான், 1998-99இல். நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகளைக் கொன்றார்கள். ஆனால் அது எப்படி வந்தது? பன்றிக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே பழமரங்களை வைத்திருந்தார்கள். வௌவால் கடித்துப் போட்டது பன்றிக்குப் போனது, பன்றியிடமிருந்து மனிதனுக்கு வந்தது. வௌவால் கடித்த பழத்தைத் தின்னாதே, அதை வெறுங்கையால் தொடாதே, கொட்டகையைத் தள்ளிக் கட்டு. நான் இதில் கற்ற பாடம் இதுதான். இடைவெளி விடச் சொல்கிறது, கொல்லச் சொல்லவில்லை.

2019இல் அந்தச் சுற்றுலாவை நிறுத்திக் குகையை மூடினார்கள். மறு வருஷமே கொரோனா! வௌவால் என்ற பெயரைக் கேட்டாலே எல்லோருக்கும் நடுக்கம். எங்கள் தாமானில் பக்கத்து வீட்டு மாமா, கூரைக்குள் இருந்த வௌவால்களைப் புகை போட்டுக் கொல்லப் போவதாகச் சொன்னார். எனக்கு அந்த இருட்டு ஞாபகம் வந்தது. "மாமா, பெரும்பாலான வௌவால்கள் வருஷத்துக்கு ஒரு குட்டிதான் போடும். குட்டி பறக்கிற வரைக்கும் பொறுங்க. அப்புறம் சாயங்காலம் எல்லாம் வெளியே போனதும் ஓட்டையை அடைச்சிடலாம்" என்றேன். முணுமுணுத்தார், ஆனால் பொறுத்தார். சில வாரம் கழித்து நானே ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

முக்கால் மணி நேரம் இருட்டில் நின்றதற்கு இவ்வளவு பலன். அது இல்லாவிட்டால் நானும் அன்றைக்குப் புகை போடத்தான் உதவியிருப்பேன். அடுத்த தைப்பூசத்துக்குப் படியேறும்போது இடப்பக்கம் ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்கள். நாம் மேலே போய்க் கும்பிடும் அதே மலையில், நாம் தின்னும் டுரியானுக்காக உழைக்கிறவர்கள் பகல் முழுக்கத் தூங்குகிறார்கள்.